ஜொய்சி ரீச்சர் பிரித்த சொல்

ஊர்காவற்றுறையில் ஜொய்சி ரீச்சரிடம் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் நீளமான சொல்லைக் கண்டு மிரளமாட்டார்கள். மீன் வெட்டுவதுபோல முதலில் தலையை வேறாக்கு என்பார். அவரே சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்தைக் கோட்டை விட்டவர்தான். 'ட்ரான்ஸ்' லத்தீனிலிருந்து வந்தது, அப்பால் என்று அதற்குப் பொருள், 'போர்ட்' என்றால் சுமத்தல் என்று ஓர் அகராதியில் கண்ட பிறகுதான் அந்த மொழி அவருக்கு வசப்பட்டது. அக்கரைக்குச் சுமப்பது ட்ரான்ஸ்போர்ட். காரைநகருக்குப் படகில் போய்வருபவருக்கு இது விளங்காதா?

போன வருடம் அவருடைய அண்ணன் யாக்கோப்புக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகின. கடலுக்குப் போவது நின்றது. யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறி இரத்தம் சுத்திகரித்து வருவதே வாழ்க்கையாயிற்று; தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். 'ட்ரான்ஸ்பிளான்ட்' செய்யலாம் என்றார் டொக்டர். சோதித்தபோது ஜொய்சியின் சிறுநீரகம் பொருந்தியது. யாக்கோப்பு ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"பேரைக் கேக்கவே நடுங்குது. எனக்கு வேண்டாம், பிள்ளை."

"அண்ணை, 'பிளான்ட்' எண்டால் நடுறது. ஓரிடத்திலை எடுத்து மற்ற இடத்திலை நடுறது. மிளகாய்க் கண்டு நடுறமாதிரித்தான்."

"கண்டு பிடுங்கின இடம் வெறுமையாக் கிடக்குமே. அதுக்கு உன்ரை லத்தீன் என்ன சொல்லுது?"

எத்தனையோ வகுப்பில் ஜொய்சி அந்தச் சொல்லைப் பிரித்திருக்கிறார். எடுத்த இடத்தைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. யாக்கோப்பின் மனைவி அல்போன்சம்மா அடுப்பை விட்டுக் குசினி வாசலுக்கு வந்து நின்றார்.

"ஒண்டும் சொல்லேல்லை, அண்ணை. எனக்கும் பயம்தான். ஒண்டோடை வாழலாமெண்டு டொக்டர் சொன்னவர், அதை நம்புறன். ஆனால் நீங்கள் இப்பிடிக் கிடக்கிறதைப் பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது."

யாக்கோப்பு கதிரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். கடைசியில், "ஓம்" என்றார்.

சத்திரசிகிச்சை கண்டியில் நடந்தது. கண்விழித்த ஜொய்சிக்கு விலா எரிந்தது. பக்கத்தில் நின்ற அல்போன்சம்மா குனிந்து, "அவருக்குச் சிறுநீர் போகுதாம், மச்சாள்! நல்லாப் போகுதாம்!" என்றார். அந்தச் செய்திக்கு இருவரும் கைகோத்துச் சிரித்தார்கள்; ஜொய்சிக்குத் தையல் வலித்தும் சிரிப்பு நிற்கவில்லை.

சில நாள் கழித்து அவர் மெல்ல நடந்து அண்ணனின் வார்டுக் கண்ணாடிக்கு வெளியே நின்றார். சொட்டுச் சொட்டாய் அளந்து குடித்து நாக்கு வறண்டிருந்த யாக்கோப்பு, தங்கையைப் பார்த்தபடி ஒரு குவளைத் தண்ணீரை முழுதாகக் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டார்.