ஓரத்தில் மிதக்கும் படங்கள்

மற்றவர்கள் தலையில் ஒயர்த் தொப்பி மாட்டி, மூளையின் அலைகளைக் கம்ப்யூட்டரில் பார்ப்பது என் வேலை. நாளெல்லாம் திரையைப் பார்த்தே பிழைக்கிற உங்களுக்கு என் பாடு புரியும்.

செங்கம் ரோட்டில் ஒரு மாடி அறை. ஜன்னலைச் சாத்தினால் பகலிலேயே கனவு மாதிரி இருட்டு. வருகிறவர்கள் திரையின் நடுவில் தோன்றும் எழுத்தைப் பார்த்துப் பட்டனை அமுக்க வேண்டும். ஓரத்தில் பூ, மீன், மேகம் என்று படங்கள் மிதந்து போகும். அதைக் கண்டுகொள்ளக் கூடாது. நடுவில் இருக்கும் வேலை சுலபமானால் ஓரத்துப் படத்துக்கு மூளை எவ்வளவு அசைகிறது, கஷ்டமானால் எவ்வளவு என்பதுதான் எங்கள் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி.

சுலபமான ஆட்டம்

அடி அண்ணாமலையிலிருந்து சரோஜாக்கா வந்தார். சிவப்பு எழுத்து வந்தால் அமுக்கணும், அவ்வளவுதான். அவரோ அமுக்க மறந்து சிரித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் மேகம் வரும்போதெல்லாம் அலை எகிறியது. ஏன்க்கா என்று கேட்டேன்.

"வேர்க்கடலைக் கொல்லை மழை இல்லாம காஞ்சி கெடக்குது. மேகத்த வுட்டுட்டு எழுத்தயா பாப்பாங்க?"

கஷ்டமான ஆட்டம்

ஆட்டோ ஓட்டும் ரஃபீக் பாய்க்குக் கஷ்டமானது. முந்தின எழுத்துக்கு முந்தின எழுத்தே திரும்ப வந்தால் அமுக்கணும். ஓரத்துப் படங்களுக்கு அலை அசையவேயில்லை. "படமா? எங்க வந்துச்சு?" என்றவருக்குச் சட்டென்று மனைவியின் கோபம் நினைவுக்கு வந்தது.

முந்தின நாள் பஸ் ஸ்டாண்டில், இரண்டு பஸ்ஸுக்கு நடுவே ஆட்டோவைத் திருப்பும்போது அவர் மனைவி கை காட்டியிருக்கிறார். இவர் பார்க்காமல் போய்விட்டார். அதிலிருந்து வீட்டில் பேச்சில்லை. மனைவிக்குப் போன் போட்டு டாக்டரம்மாவிடம் நீட்டினார். வேணும்னு செய்யலைங்க, மூளைக்கு வேலை ஜாஸ்தியானா ஓரத்துல இருக்கிறது தெரியாது என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மறுமுனையில் அவர் மனைவி முழுசாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம்:

"சரிங்க டாக்டர். வூட்ல சும்மா இருக்கும்போதும் என்னப் பாக்கறதில்லையே, அது எந்த ஆட்டம்?"

என் தலை

ஒரு மழை நாள், யாரும் வரவில்லை. அன்று வேலூரில் என் அம்மாவுக்கு ஆபரேஷன். அங்கே தம்பி துணைக்கு இருந்தான். டாக்டரம்மா தொப்பியை எனக்கே மாட்டி, சுலபமானதைப் போட்டார். ஓரத்தில் மீன் நீந்தியது. அது மெல்ல அம்மாவின் முகமாக மாறியது. கண் நிறைந்து, அலையெல்லாம் கலைந்துபோனது. அடுத்து கஷ்டமானது. எழுத்தைத் தவிர உலகத்தில் ஒன்றுமேயில்லை. அம்மாகூட இல்லை.

சாயங்காலம், அம்மா கண் விழித்ததாகத் தம்பி போன் செய்தான். அதுவரை என்னை உட்கார வைத்தது டாக்டரம்மா சொன்னதுதான்:

"ஈஸியானது வேணாம்மா. போன் வர்ற வரைக்கும் கஷ்டமானதயே போடறேன், உக்காரு."

கவனத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்த நான் இதை எழுதி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.