கப்பலூர் ஆலையில் கற்பித்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. அவர் வாழ்ந்த விதத்தை, கூடப் பிறந்த தம்பியாக நம் சபை இதழில் உங்களுக்கு எழுதுகிறேன்.

மதுரையில் மிஷன் பள்ளி ஆசிரியர்களாக இருந்த பெற்றோருக்கு மூத்தவராக அக்கா பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமானதால், அக்காதான் டியூஷன் எடுத்து என்னைப் படிக்கவைத்தார். பின்னர் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தார். அந்தப் பள்ளி மூடப்பட்டதும், கப்பலூரில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். புதிதாக வந்த கணினித் தையல் மெஷின்களை முதலில் தாம் கற்று, பிறகு பழைய தொழிலாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

முதல் வாரம் பள்ளிக்கூடம் போலவே நடத்தினார். கரும்பலகையில் எழுதிப்போட்டு, ஒவ்வொருவராக எழுப்பிக் கேள்வி கேட்டார். பதில் தெரியாமல் நின்ற செல்லூர் செல்வி மறுநாள் வேலைக்கு வரவில்லை. அக்கா அவர் வீட்டுக்கே போனார்.

"ஏம்மா வரல?"

"பேரன் எடுக்கப்போற வயசுல எந்திரிச்சு நிக்கச் சொல்றீக. கூட வேலை பாக்குற நம்ம தெருப் பிள்ளைகளே சிரிக்குதுக. எனக்கு வாயால சொன்னா ஏறாது டீச்சர், கையால செஞ்சாத்தான் வரும்."

அன்றோடு அக்கா கரும்பலகையை ஓரங்கட்டினார். சிலருக்குப் பார்த்தால் பிடிபடும், சிலருக்குக் கேட்டால், சிலருக்குத் தப்பும் தவறுமாகச் செய்தால்தான் பிடிபடும். கழிவுத் துணியைக் குவித்து வைத்து, "கிழிஞ்சா கிழியட்டும், தச்சுப் பாருங்க" என்றார். புரிந்தவர் பக்கத்தில் இருப்பவருக்குத் தம் பேச்சிலேயே விளக்கினார்.

நிர்வாகமோ எழுத்துத் தேர்வு வைத்து, தேறாதவர்களை நிறுத்திவிட முடிவு செய்தது. அப்போது அம்மாவின் மருத்துவம் முழுக்க அக்காவின் சம்பளத்தில்தான் நடந்தது. அப்படியிருந்தும் மேலாளரிடம் போய் நின்றார்.

"தைக்கத்தான சார் ஆள் வேணும், எழுதவா? மெஷின்ல உக்காரவச்சுப் பாருங்க. அதுலயும் வரலேன்னா அவங்களோட நானும் போறேன்."

தேர்வு மெஷினிலேயே நடந்தது. தடுமாறியவர்களுக்கு அவகாசம் வாங்கிக்கொடுத்தார். ஒருவர்கூட வேலை இழக்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு பக்கவாதம் அவர் பேச்சைப் பறித்தது. கே.கே. நகரில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருவர் சிறுபிள்ளைகளுக்கான யானை, அணில் படங்களைக் காட்டினார். அக்கா இடக்கையால் தள்ளிவிட்டார். அந்தப் பெண் படங்களை எடுத்து வைத்தார்.

"மன்னிச்சிருங்கம்மா. உங்களுக்கு எத மொதல்ல சொல்லணும்?"

அக்கா என்னைக் காட்டினார்.

"தம்பி" என்ற அந்த ஒரு சொல்லுக்காகக் காலைதோறும் வியர்த்துப் போராடினார். அது வாயில் முழுதாக வந்த அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சில மாதங்களில் சபையில் வேதபாடம் வாசிக்க எழுந்து நின்றார். இடையில் திக்கியபோது ஒருவர் எடுத்துக்கொடுக்க வாயெடுத்தார், அக்கா கையமர்த்தினார். சபை முழுதும் காத்திருந்தது. கடைசி வசனம்வரை அவரே வாசித்து முடித்தார். சென்ற ஆண்டு கோடையில் இரண்டாம் முறை வந்த பக்கவாதத்திலிருந்து அவர் மீளவில்லை.

பேச்சுப் பயிற்சி தந்த அந்தச் சகோதரிக்கும், ஷிப்ட் முடிந்து முறைவைத்து வந்து அக்காவைப் பேசவைத்த ஆலைத் தோழிகளுக்கும், போதகர் ஐயாவுக்கும், சபையாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அச்சில் நன்றி சொல்லிவிட்டு ஒதுங்குவதை அக்கா ஏற்கமாட்டார். நினைவு ஜெபத்தன்று வாசலில் நிற்பேன். ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் சொல்வேன்.