ரோஸ்மேரி டீச்சரும் பொரி என்ற மட்டக்குதிரையும்

என் மனைவி ரோஸ்மேரிக்குக் கோபமே வராது என்று ஊரில் ஒரு பேச்சு. ஊர்க்காரர்கள் எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்ததில்லை. என்மேல் நன்றாகவே வரும். குதிரைமேல்தான் வராது.

திண்டுக்கல்லிலிருந்து சின்னாளப்பட்டி போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. நான் சார்லஸ். சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் எதுவானாலும் ஸ்பீக்கர் கட்டுவேன். ரோஸ்மேரி டவுனில் ஒரு நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சராக இருந்தாள். கொரோனாவில் மூடிய பள்ளி திறக்கவே இல்லை. அதே சமயம் கொடைக்கானலில் சவாரி விட்டுக்கொண்டிருந்த கிதர் முகம்மது, ஏரிக்கரைக்கு ஆளே வராததால் இரண்டு மட்டக்குதிரைகளைக் கீழே இறக்கிக் கொண்டுவந்து எங்கள் கொல்லையில் கட்டினார். "கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கங்க டீச்சர், ஊரடங்கு முடியவும் வந்துர்றேன்" என்றார். சொன்னபடி வந்து கூட்டிப்போய்விட்டார். ஆனால் ரோஸ்மேரிக்குக் குதிரைப் பைத்தியம் பிடித்துவிட்டது. அதற்குத் தடுப்பூசி கிடையாது.

அதன்பிறகு சவாரிக்கும் ஊர்வலத்துக்கும் பழக்க வேண்டிய குட்டிகளை ஒவ்வொருவராக அவளிடம் கொண்டுவந்து விட்டார்கள். அவள் பழக்கும் விதம் வேறு. எல்.கே.ஜி.யில் முதல் நாள் அழுகிற பிள்ளையைப் பாய்ந்து தூக்கினால் இன்னும் அலறும். பக்கத்தில் உட்கார்ந்து நம் பாட்டுக்கு ஒரு வேலையைப் பார்த்தால், அதுவே மெல்ல வந்து ஒட்டிக்கொள்ளும். குதிரைக்கும் அதே பாடம்தான் என்பாள். வேலி அடைத்த கொல்லை நடுவில் ஸ்டூலைப் போட்டு, குட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பாள். குட்டி பார்க்கும், செருமும், ஓடும், மறுபடி வரும். ஒருநாள் அவள் தோளில் மூக்கை வைக்கும். அதுவரைக்கும் கயிறு என்ற பேச்சே கிடையாது. எங்கள் வீட்டுச் சாம்பாரில் வெங்காயம் ஏன் அவ்வளவு கிடக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இப்படி இருக்கையில்தான் பெரியகருப்பன் பொரியைக் கொண்டுவந்தார். வடமதுரைக்காரர். லாரி வைத்து ஓட்டுகிறார். எப்போதும் இரண்டு போனில் பேசுவார், நின்றுகொண்டே சாப்பிடுவார். அக்கா மகள் கீர்த்தனாவுக்குக் குலசாமி கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் சீர் ஊர்வலத்தில் பிள்ளை குதிரையில் வரவேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கிய குட்டி அது. வெள்ளையில் சாம்பல் புள்ளி போட்டது. இலை விழுந்தாலும் சட்டியில் போட்ட பொரி மாதிரி எகிறும். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான்.

"டீச்சர், ஆண்டிச்சாமிட்டதான் விட்டிருந்தேன். சாட்டையில நாலு போட்டாரு, இப்ப மனுச வாடை கண்டாலே ஓடுது. நீங்க ஒரு தடவை பாருங்க. சீர் அன்னைக்குப் பிள்ளையை வச்சுக்கிட்டு மிரண்டுச்சுன்னா, அங்கனயே திரும்ப அவரு கையில குடுத்துருவேன். பெறகு அவரு பாடு, அது பாடு."

ஆண்டிச்சாமி பக்கத்து ஊரில் ஆட்டக் குதிரை பழக்குகிறவர். கெட்ட மனிதர் அல்ல. குதிரைக்குப் பயம் இருந்தால்தான் புத்தி இருக்கும் என்று நம்புகிறவர். பொரியின் தொடையில் அந்த நம்பிக்கை வரிவரியாகத் தெரிந்தது. ரோஸ்மேரி அதைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு முறம் வெங்காயத்தை எடுத்துவந்தாள்.

தினமும் காலையில் என்னை அனுப்பிவிட்டு ஆரம்பிப்பாள். வேலை இல்லாத நாட்களில் நானும் உதவிக்குப் போவேன். ஸ்பீக்கரைக் கொல்லைக் கோடியில் வைத்து, செண்டமேளமும் வேட்டுச் சத்தமும் காதில் விழுந்தும் விழாத அளவுக்குப் போடுவேன். பொரி காதை விறைத்தால் குறைப்பேன், வாயில் புல் அசைந்தால் கூட்டுவேன். முதுகில் முதலில் ஒரு துண்டு, பிறகு சாக்கு, பிறகு சேணம். எதையும் முகர்ந்து பார்க்கக் கொடுத்துவிட்டுத்தான் போடுவாள். பள்ளிப் பிள்ளைகளிடம்கூட அவள் இவ்வளவு அனுமதி கேட்டதில்லை. கடைசியில் நான் முழுச் சத்தத்தில் வேட்டு போட்டாலும் பொரி புல்லை மென்றபடி என்னைத்தான் ஏளனமாகப் பார்த்தது.

சீர் அன்று ஸ்பீக்கரும் என்னுடையதுதான். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் கட்டிய வண்டியின் பின்னால் நடந்தேன். செண்டமேளம், வேட்டு, தலைக்குமேல் ட்ரோன், தாம்பாளத் தட்டுகளோடு பெண்கள். நடுவில் பட்டுப்பாவாடையில் கீர்த்தனா, பொரியின் பிடரியைப் பிடித்துக்கொண்டு ராணி மாதிரி. கயிறு ரோஸ்மேரி கையில் தொளதொளவென்று கிடந்தது. பத்தாயிரம் வாலா வெடித்தபோது மேளக்காரர்களே ஒதுங்கினார்கள். பொரி ஒதுங்கவில்லை. எனக்கு விசில் அடிக்கலாம் போல இருந்தது.

கோயில் கண்ணுக்குத் தெரிந்தது. சாமிக்குத் தீபாராதனை காட்ட ஆரம்பித்தார்கள். கரண்டில் ஓடும் மேளமும் மணியும் கிளம்பின. டண், டண் என்று மணி கேட்டதும் பொரி நடுரோட்டில் நின்றுவிட்டது.

மிரளவில்லை. நான்கு காலையும் ஊன்றி, தலையைத் தாழ்த்தி, சும்மா நின்றது. ரோஸ்மேரி கழுத்தைத் தடவினாள், நகரவில்லை. நாலு பேர் வந்து தள்ளினார்கள், நகரவில்லை. வெயிலில் தட்டு தூக்கிய பெண்கள் முனக ஆரம்பித்தார்கள். நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஒருவர் கத்தினார். பெரியகருப்பனின் முகம் கறுத்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆண்டிச்சாமி வந்தார், சாட்டையோடு.

"நான் அப்பவே சொன்னேன்ல அப்பு. வெலகச் சொல்லு அந்தம்மாவை. ஒண்ணு போட்டா பறந்துரும்."

"பறக்கும்ணே, மேல பிள்ளை இருக்கு!" என்று ரோஸ்மேரி குறுக்கே நின்றாள். அவள் குரல் நடுங்கியது. குதிரை முன்னால் அவள் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன்.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் கைகூப்பி நின்றிருந்தேன். மணிச் சத்தம் கேட்டதும் கை தானாகச் சேர்ந்துவிட்டது. எங்கள் ஊர் மாதா கோயிலில் மத்தியானம் பன்னிரண்டுக்கு மணியடித்தால் நாங்கள் செய்கிற வேலையை விட்டுவிட்டு நின்று மூவேளைச் செபம் சொல்வோம். ரோஸ்மேரியும் தினம் கொல்லையில் கயிற்றை விட்டுவிட்டு நின்றிருக்கிறாள். செபம் முடிந்து சிலுவை போட்டதும், "போவோமா" என்று ஒரு துண்டு வெல்லம் கொடுத்து நடத்தியிருக்கிறாள். அது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. குதிரைக்கு அதுவும் ஒரு பாடமாகியிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வேட்டுக்குப் பழக்கினோம், மேளத்துக்குப் பழக்கினோம், எங்களை அறியாமல் மணிக்கும் பழக்கிவிட்டோம்.

"ரோஸு, மணி! செபத்தைச் சொல்லு!" என்று கத்தினேன். அவசரத்தில் மைக் வாயருகே வந்துவிட்டது. ஊர்வலம் முழுக்கக் கேட்டது.

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு சாட்டைக்கு முதுகைக் காட்டி, பொரிக்கு எதிரே நின்று கண்ணை மூடினாள். அம்புட்டுக் கூட்டத்துக்கும் முன்னால், குலசாமி வாசலில், உதடு அசைய முழுச் செபத்தையும் சொன்னாள். கூட்டமும் ஏனென்று தெரியாமலே அடங்கியது. சிலுவை போட்டாள். "போவோமா?" என்றாள். மணி இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. பொரி தலையை நிமிர்த்தி, அவள் மடியிலிருந்து எடுத்து நீட்டிய வெல்லத்தைத் தின்றுவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல நடந்தது. நல்ல நேரத்துக்குள் காது குத்தியாயிற்று. கீர்த்தனா அதற்குத்தான் அழுதாள்.

பந்தியில் ரோஸ்மேரி எல்லாவற்றையும் பெரியகருப்பனிடம் சொன்னாள்.

"அப்ப அது மிரளலைங்கறீங்க?"

"மிரளலண்ணே. நான் நின்ன மாதிரி நின்னுச்சு. ஆண்டிச்சாமியண்ணன்ட்ட விடாதீங்க."

அவர் அன்று உட்கார்ந்துதான் சாப்பிட்டார். "விடலை. வீட்டுக்குக் கொண்டு போறேன். ஆனா டீச்சர், எங்க வீட்டுப் பக்கத்துலயும் கோயில் இருக்கு. எனக்கோ கோவம் வந்தா கை நிக்காது. பொய் சொல்ல மாட்டேன்."

குட்டியானை வண்டியில் பொரியை ஏற்றினார்கள். அடுத்து வந்த நாட்களில் ரோஸ்மேரி சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போனாள். மணியடித்தால் செபம் சொல்வதற்குப் பதிலாக வடமதுரைத் திசையைப் பார்த்தாள். ஒரு தொடை, அதில் வரிகள், அவ்வளவுதான் அவள் கண்ணுக்குள் இருந்திருக்கும்.

ஒரு மத்தியானம் போன் வந்தது. பெரியகருப்பன். ரோஸ்மேரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"டீச்சர், ரோட்டுல நிக்குது! லோடு ஏத்தப் போகணும், இங்க மணி அடிச்சுட்டாங்க. நெத்தியத் தொட்டேன், வெல்லம் குடுத்தேன், போவோமான்னும் கேட்டுட்டேன். என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

அவள் போனை வாயருகே இழுத்தாள். "அடிச்சீங்களாண்ணே?"

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவருடைய இன்னொரு போன் அலறி அலறி ஓய்ந்தது.

"இல்லம்மா. நானும் நிக்கிறேன். அது கெளம்புறப்ப கெளம்பிக்கிறேன்."