ஆட்டோவில் நடந்த முதல் வகுப்பு

பிள்ளைகளே, நம் ஆட்டோவின் பின் சீட்டில் ஒரு நாள் பள்ளிக்கூடம் நடந்ததை உங்களுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய ராகலை ரோட்டில், நல்ல மழையில், ஓர் இளம்பெண் கை காட்டினார். அயன் செய்த சுடிதார், ஆனால் முழங்கால்வரை சேறு. பேசுவதற்கு முன் தோளில் கிடந்த சாலின் நுனியை விரலில் சுற்றிக்கொள்வார்.

"அண்ணே, எங்க தோட்டத்து லயத்து வீட்டுல கரண்டும் இல்ல, சிக்னலும் இல்ல. சிக்னல் கிடைக்கிற எடத்துக்கு ஓட்டுங்க. ஜப்பான் புள்ளைங்களுக்கு போன்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கணும். இன்னைக்குத்தான் மொத நாள். சரியா நடக்கலேன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

"ஏறுங்க தங்கச்சி!"

கோயில் வளைவில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். அங்கே நிறுத்தி மழைத் திரையை இறக்கினேன். போனில் மூன்று சின்ன முகங்கள் தெரிந்தன. அவர் என்ன கேட்டும் மூவரும் வாயே திறக்கவில்லை. சால் நுனி விரலில் இறுகிக்கொண்டே போனது.

திடீரென்று, "அண்ணே, ஹார்ன் அடிங்க!" என்றார்.

அடித்தேன். மூன்று முகங்களும் துள்ளின. "வாட் இஸ் தட்?" என்று ஒரு பிள்ளை கத்தியது. அப்புறம் அவர்களை நிறுத்த முடியவில்லை. மழை, வைப்பர், என் மீசை எல்லாமே பாடமாகிவிட்டன.

"நாளைக்கும் வரச் சொல்லிட்டாங்கண்ணே!" என்று வகுப்பு முடிந்ததும் சீட்டிலேயே குதித்தார்.

"மெதுவா டீச்சர், ஆட்டோ கவுந்துரும்."

'டீச்சர்' என்றதும் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு விரலிலிருந்து சால் நுனியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். அவரை இறக்கிவிட்டுத் தனியே திரும்பும்போது, கோயில் வளைவில் எதிரே ஒரு வண்டியும் வரவில்லை. ஆனாலும் ஒரு தடவை ஹார்ன் அடித்தேன்.