நோன்பு வடையும் மாமியின் மூக்கும்

பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் தின்று, தண்ணீர் குடித்து, முதல் வடையைக் கடித்தேன். கடித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. பகல் முழுக்கப் பட்டினி கிடந்தவளுக்கு எதைக் கொடுத்தாலும் ருசிக்கிற நேரம் அது. ஆனால் வாய்க்குள் பழைய பெயிண்ட் டப்பாவைத் திறந்த நாற்றம். விழுங்கினால் தொண்டை கரகரத்தது. எதிரே உட்கார்ந்து அதே வடையை மென்றுகொண்டிருந்த மாமி, "என்னா வாசம் பாத்தியாளா! செக்கெண்ணெய்ன்னா சும்மாவா?" என்றாள். நாற்றம்கூடப் பரவாயில்லை, அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நான் திடுக்கிட்டுப் போனேன்.

மாமி என் வாப்பாவின் தங்கை. மேலப்பாளையத்தில் தனியாக இருக்கிறாள், மகன் சவுதியில். எங்கள் குடும்பத்தில் அவளுடைய மூக்கைப் பற்றிப் பேசாத ஆள் கிடையாது. நோன்பு மாதத்தில் சமைக்கிறவர்கள் பதம் பார்க்க வாயில் வைக்க முடியாது அல்லவா? மாமி கஞ்சிச் சட்டியின் ஆவியில் முகத்தைக் காட்டி, "வெந்தயம் பத்தல" என்பாள். சரியாக இருக்கும். பக்கத்து வீட்டில் கொதிக்கும் மீன் நேற்றையதா இன்றையதா என்று தன் வீட்டிலிருந்தே சொல்லி வம்பை விலைக்கு வாங்கிய நாளும் உண்டு. "உங்களைப் போலீஸ்ல சேத்திருக்கணும் மாமி" என்று கிண்டல் செய்வேன். "சேத்திருந்தா ஒன்னயத்தான் மொதல்ல புடிச்சிருப்பேன்" என்பாள்.

அவள் வீட்டு எண்ணெய் ஜாடி ஒருநாளும் காலியானதில்லை. காலியாக விடமாட்டாள். அரிசி, உப்பு, எண்ணெய் மூன்றும் தீர்ந்துபோனால் வீட்டில் பரக்கத், அந்த இறையருள், நிற்காது என்பது அவள் நம்பிக்கை. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் உள்ளதுதான். அடியில் கொஞ்சம் கிடக்கும்போதே டவுணிலிருந்து செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் வரும், பழையதன் தலையிலேயே புதியதை ஊற்றுவாள். ஆனால் ஊற்றும் முன் அடி எண்ணெயில் ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்ப்பாள். துளி சிக்கு வாடை வந்தாலும் அவ்வளவையும் கொட்டிவிட்டு, ஜாடியைக் கழுவிக் காயவைத்து, அன்றைக்கே நிரப்புவாள். அந்த வழக்கம் இத்தனை காலம் யாருக்கும் கெடுதல் செய்யாமல் இருந்ததற்குக் காரணம் அந்த ஒரு சொட்டுதான். இது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்தி நேர மஃரிப் தொழுத கையோடு அடுப்படிக்குப் போனேன். ஜாடி அடுப்பை ஒட்டி, சூடு படுகிற இடத்தில் இருந்தது. கரண்டியில் எடுத்துப் பார்த்தால் எண்ணெய் தெளிவாக, நல்ல நிறமாக இருந்தது. கண்ணால் பார்த்து யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஜாடியின் விளிம்பு பிசின் மாதிரி விரலில் ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனதும் தலையைத் திருப்பிக்கொண்டேன். தனி ஆளுக்கு எவ்வளவு எண்ணெய் செலவாகும்? அடியில் கிடந்தது மாதக்கணக்கில் கிடந்து கெட்டு, மேலே ஊற்றிய புதியதையும் கெடுத்திருந்தது. அந்த எண்ணெயில் சுட்ட வடை நோன்பு திறக்கத் தெரு முழுக்கப் போயிருக்கிறது. வாங்கிக்கொண்டவர்கள் ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமி முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டார்கள் போல. எனக்கு அவர்கள் மேலும் கோபம் வந்தது.

பின்னாலேயே வந்த மாமியிடம் கரண்டியை நீட்டினேன். பழக்கம் விடுமா? உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, கண்ணை மூடி, இழுத்து மோந்தாள்.

"நல்லாத்தான இருக்கு."

"மாமி, இது கெட்டுப்போய் நாறுது. நெசமாவே உங்களுக்குத் தெரியலையா?"

கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "ஊரெல்லாம் அந்தக் காய்ச்சல் வந்துச்சுல்லா, அதுலேருந்து ஒண்ணும் தெரியலளா. உப்பும் ஒறைப்பும் தெரியுது. மத்ததெல்லாம் பச்சத்தண்ணி மாதிரிதான் இருக்கு. பைய வந்துரும்னு பாத்தேன், வரல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா எம்மவன் என்ன செய்வான்? வீட்டப் பூட்டிட்டு ஒன் வீட்டுல கொண்டுவந்து விட்டுருவான். அடுத்த வீட்டு அடுப்படியில நான் என்னத்தப் போயி நிக்க?"

அந்தக் காய்ச்சல் வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு பெருநாளுக்கு அவள் கையால் பிரியாணி சாப்பிட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் "வாசம் எப்படி?" என்று அவள்தான் முந்திக் கேட்டிருக்கிறாள். எங்கள் வாயிலிருந்து பதிலைப் பிடுங்கி, அதை வைத்தே சமாளித்திருக்கிறாள்.

"சரி விடு, சாயா போடுதேன்" என்று கண்ணைத் துடைத்தபடி அடுப்புப் பக்கம் திரும்பினாள். பால் சட்டி ஏற்கெனவே அடுப்பில் இருந்தது; எண்ணெய் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்த நான் அதைக் கவனிக்கவில்லை. பாங்குக்கு முன்னால் ஏற்றிவைத்து மறந்திருக்கிறாள். பால் பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் ஓடியிருந்தது. அதில் தீ அணைந்துபோயிருந்தது. ஆனால் அடுப்புத் திருகு திறந்தபடியே இருந்தது. கெட்ட எண்ணெய் நாற்றத்தில் ஊறிப்போயிருந்த என் மூக்குக்கு அப்போதுதான் அந்த இன்னொரு வாடை உறைத்தது. மாமி கையில் லைட்டர்.

"மாமி!" என்று கத்திக்கொண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்த வேகத்தில் லைட்டர் தரையில் விழுந்தது.

"ஏன்ளா இந்தக் கத்து கத்துத?"

"கேஸு! கேஸ் வெளிய வந்திருக்கு! சுவிட்ச எதையும் தொடாதீங்க!"

திருகை மூடி, ஜன்னலையும் கொல்லைக் கதவையும் திறந்துவிட்டு, அவளை வாசலுக்கு இழுத்துவந்தேன். அவளோ காற்றை மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம்கூட இல்லை, தேடல்தான் இருந்தது.

இப்போது அவள் அடுப்படிச் சுவரில் கேஸ் கசிந்தால் அலறுகிற கருவி மாட்டியிருக்கிறது. மகன் அனுப்பிய கரண்ட் அடுப்பில்தான் பால் காய்கிறது. எண்ணெயைச் சின்னப் பாட்டிலாக வாங்கி, தீர்ந்த பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும் என்பதற்கு மட்டும் பெரிய சண்டை நடந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு வரச் சொல்லவில்லை என்றதும் ஒப்புக்கொண்டாள். நான் போகும்போதெல்லாம் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஆனால் அன்று வாசலில், தெருவில் பிள்ளைகள் காலியான கஞ்சித் தூக்கோடு போய்க்கொண்டிருக்க, வெகுநேரம் கழித்து மாமி என் கையைப் பிடித்தாள்.

"இதுக்கு முன்னால எத்தன தடவ இப்படித் தெறந்து கெடந்துச்சோ? நானும் எத்தன தடவ பத்த வச்சனோ?"

இரண்டு பேருக்கும் தெரியவில்லை.