எர்சீலியாவின் முதல் கடி

நீதிமன்ற நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து, முட்டை அடை வைத்த ரொட்டியைப் பிட்டு, முதலில் தான் ஒரு வாய் கடித்து, மென்று, விழுங்கிய பிறகுதான் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவாள் எர்சீலியா. "நானே தின்னுட்டேன், பாருங்க. ஒண்ணும் ஆகலை." கேட்பவர் சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள்.

இத்தாலியின் கலாப்ரியாக் கடலோரச் சிற்றூர் ஒன்றின் பாலர் பள்ளியில் அவள் சமையல்காரியாக இருந்தாள். ஒரு மே மாத மதியம் அவள் பரிமாறிய மீனைச் சாப்பிட்டுப் பதினொரு குழந்தைகள் வாந்தியெடுத்தார்கள். மூன்றே நாளில் எல்லோரும் எழுந்து ஓடியாடினார்கள். அவள்மேல் போட்ட வழக்கு மட்டும் படுத்த படுக்கையாகிவிட்டது.

முதல் நீதிபதிக்கு மாற்றல் வந்தது. இரண்டாமவர் பிள்ளைப்பேற்று விடுப்பில் போனார். மூன்றாமவர் காலத்தில் வக்கீல்கள் வேலைநிறுத்தம், அது முடிந்ததும் கோப்பறையில் மழைத்தண்ணீர். நீதிபதி மாறினால் சாட்சிகளை முதலிலிருந்து விசாரிக்க வேண்டும் என்பது முறை. நல்ல முறைதான், காதால் கேட்டவர்தானே தீர்ப்புச் சொல்ல வேண்டும்? ஆனால் கேட்டவர் எவரும் சொல்லும்வரை இருந்ததில்லை. அன்று வாந்தியெடுத்தவர்களில் ஒருவன் குரல் உடைகிற வயதில் வந்து சாட்சி சொன்னான்: "மீனா? ஞாபகமே இல்லைங்க. அந்தம்மா போடற உருளைக்கிழங்குதான் ஞாபகமிருக்கு."

காத்திருப்பதில் எர்சீலியா கைதேர்ந்தவள். கண்ணைத் திறந்தபடியே தூங்குவாள். ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்து அவள் செருப்பைத் தொட்டதும் நடைக்கூடம் கரைந்து பள்ளிச் சமையலறையாகிவிடும். வெங்காயம் வதங்கும். நாற்பத்திரண்டு தட்டுகள் தாமாக வந்து வரிசையில் உட்காரும். குளிர்ப்பெட்டியைத் திறந்தால் உள்ளே கடல் இருக்கும். மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து, திரும்ப நீந்த விடுவாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று அவள் முணுமுணுப்பதை டவாலி ஜெசுவால்தோ பலமுறை கேட்டிருக்கிறார். அவளுடைய ரொட்டியை மட்டும் அவர் தொட்டதில்லை. "வயித்துக்கு ஆகாதுக்கா" என்று நழுவிவிடுவார்.

குளிர்ப்பெட்டி பழுது என்று அந்த மே மாதத்துக்கு முன்பே நகராட்சிக்கு அவள் எழுதிக் கொடுத்த கடிதம் கோப்பில் முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அதை ஒரு நீதிபதி வாய்விட்டுப் படிப்பதைக் கேட்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. ஊர்க் கல்யாணங்களில் அவளைக் கரண்டி பிடிக்க யாரும் கூப்பிடுவதில்லை. அக்கம்பக்கத்தில் கொடுத்தனுப்பும் பலகாரம் நன்றி சொல்லி வாங்கப்படுகிறது, தின்னப்படுகிறதா என்பது தெரியவில்லை. இது அவளை அரித்துத் தின்கிறது.

இப்படிப்பட்ட வழக்கு ஏழரை வருடம் இழுத்தால் தானாகவே செத்துவிடும். சனி பிடித்து விடுகிற கணக்கு அந்த ஊர்ச் சட்டத்துக்கு யார் சொன்னார்களோ. போன வியாழக்கிழமை அந்த நாளும் வந்தது.

வக்கீல் திபேரியோவுக்கு முகமெல்லாம் பல். "எர்சீலியாம்மா, பொழைச்சீங்க. வழக்கு காலாவதி ஆயிடுச்சு."

"காலாவதி ஆகறது பால் பாக்கெட்டு, வக்கீலய்யா. நான் தப்பு செஞ்சேனா இல்லையான்னு சொல்வாங்களா?"

"அதை இனிமே யாரும் சொல்ல மாட்டாங்க."

"எனக்கு இந்த விடுதலை வேண்டாம், விசாரிங்கன்னு எழுதிக் கொடுத்தா?"

"கொடுக்கலாம், சட்டம் இருக்கு. ஆனா தண்டனை வந்தாலும் வரும். கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்து நிக்குது, தள்ளி விடாதீங்க."

"முப்பத்தொண்ணாம் பக்கத்தைப் படிக்கட்டும். அப்புறம் எது வந்தாலும் வரட்டும்."

நான்காம் நீதிபதியின் முன்னால் தானே எழுந்து நின்று, விசாரித்தே ஆக வேண்டும் என்று சொன்னாள். கையெழுத்தும் போட்டாள். அதுவரை குனிந்து எழுதிக்கொண்டிருந்த நீதிபதி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு நாட்காட்டியைப் புரட்டினார். அடுத்த வாய்தா பதினான்கு மாதம் கழித்து.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பயமாகத்தான் இருந்தது. பையைத் திறந்து ரொட்டியைப் பிட்டாள். பழக்கப்படி ஒரு பாதியை வாயருகே கொண்டுபோனாள்.

உள்ளே அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, அடுத்த வழக்கின் பெயரைக் கூப்பிட வெளியே வந்த ஜெசுவால்தோ, கூப்பிடாமல் அவள் எதிரே நின்றார். கையை நீட்டினார். "கடிக்க வேணாம்க்கா. அப்படியே குடுங்க."

எர்சீலியா வாய்வரை போன ரொட்டியை இறக்கி, கடிபடாமல் அவர் உள்ளங்கையில் வைத்தாள்.