வண்டிக்கு வைத்த மூளை

சென்சார் வைத்த பைக்கைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏபிஎஸ், சக்கரம் வழுக்காமலிருக்க ட்ராக்‌ஷன் கன்ட்ரோல், மழைக்கு ஒரு மோடு, வெயிலுக்கு ஒரு மோடு. "ஏண்டா, வண்டி ஓட்டறது நீயா, அதுவா?" என்று ஓட்டுகிறவனிடம் நேராகவே கேட்டுவிடுவேன். வாய்க் கொழுப்பு. ரொம்பப் பழைய கதை இல்லை, போன மாசம் வரைக்கும் இப்படித்தான் இருந்தேன்.

என் வண்டியில் அந்த எழவு எதுவும் கிடையாது. பெரிய இன்ஜின், ஒற்றை சிலிண்டர், ஒரு நல்ல பிரேக், ஒரு சுமாரான பிரேக். நகரியிலிருந்து ஸ்ரீசிட்டிக்கு தினமும் அதில்தான் வேலைக்குப் போவேன். பிச்சாட்டூர் தாண்டி ரோடு நீளமாகக் கிடக்கும் இடத்தில் மூன்றாவது கியரில் வைத்து ஒரு முறுக்கு முறுக்கினால் வயிறு பின்னாலேயே நின்றுவிடும், வண்டி மட்டும் முன்னால் போகும். என் கைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை என்கிற அந்த சுகம் இருக்கிறதே, அதை ஓட்டாதவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இன்றைக்கும் அதை நினைத்தால் கை பரபரக்கிறது.

என்னோடு வேலை செய்கிற வேலூர்க்காரர் ஒருவர் சத்தியவேட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். அவரிடம் எல்லா மோடும் உள்ள வண்டி. காலையில் டீக்கடையில் எங்கள் இரண்டு பேருக்கும் இதே சண்டைதான்.

"அண்ணா, கம்பெனியில பிரஸ் மிஷின்ல கை உட்டா தானா நிக்கிற மாதிரி சென்சார் கீதே, அது யாரு மாட்டினது?" என்று ஒரு நாள் கேட்டார்.

"நான்தான்." நான் அங்கே மெயின்டனன்ஸில் இருக்கிறேன்.

"அங்க வேணும், வண்டியில மட்டும் வேணாமா?"

"மிஷின் முன்னால நிக்கிறவன் அசந்து பூடுவான். நான் அசர மாட்டேன்."

சொல்லும்போது தலையை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன். உள்ளே ஒரு முள் குத்தியது. ஏனென்றால் நான் அசந்து போயிருந்தேன், அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

என் மனைவி என் அத்தை மகள். பாவாடை கட்டிய நாளிலிருந்து என்னை மாமா என்று கூப்பிட்டு, வா போ என்று அதட்டிக்கொண்டிருப்பவள். வீட்டில் இரண்டு பவர்லூம் ஓடுகிறது, இரண்டையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். ஐப்பசித் தூறல். புது பைக் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. போனவன் சும்மா போகாமல் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவ்வளவுதான், எனக்குத் தலைக்கேறிவிட்டது. வளைவிலிருந்து வண்டி நிமிர்வதற்குள் முழுசாக முறுக்கினேன். ஈர ரோட்டில் பின்சக்கரம் விலகிப் போனது. எனக்கு முழங்கால் தோல் போனது. அவளுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது.

"லாரிக்காரன் மண்ணு கொட்டிட்டு போயிருக்கான், அதான் ஸ்கிட்டாயிடுச்சி" என்று ஓடிவந்தவர்களிடம் சொன்னேன். எங்கள் பக்கம் ஆற்று மணல் லாரி போகாத ரோடு கிடையாது, சிந்தாத லாரியும் கிடையாது. அதனால் எல்லோரும் உடனே நம்பினார்கள். அந்த இடத்தில் ஒரு கைப்பிடி மண்கூட இல்லை. ஆஸ்பத்திரியிலும் மண் என்றேன், அத்தையிடமும் மண் என்றேன். மாவுக்கட்டு போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் என் வண்டியில் ஏறவே இல்லை.

சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே, "நீ போ மாமா, நான் பஸ்ஸுல வரேன்" என்பாள். நாயுடுபேட்டையில் அவள் அக்கா வீட்டு விசேஷத்துக்கு அவள் பஸ்ஸில், நான் பஸ்ஸுக்குப் பின்னால் பைக்கில். பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் நானும் நிறுத்துவேன். ஜன்னல் வழியாக வேர்க்கடலைப் பொட்டலம் நீட்டுவாள். "இன்னாடா, பஸ்ஸுக்கு எஸ்கார்ட்டா?" என்று சகலை எல்லோர் முன்னாலும் கேட்டான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழி முழுக்க முதுகு காலியாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கன்னத்தை வைத்துத் தூங்கிய முதுகு. எனக்கு வேறு எதுவும் வேண்டாம், அவள் பழையபடி பின்னால் ஏறி உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது.

அதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பழையதைக் கொடுத்துவிட்டு, இத்தனை நாள் நான் திட்டிய சாமான் எல்லாம் வைத்த வண்டியை வாங்கினேன். திருப்பதியில் வண்டி விற்கிற பையன் ஒவ்வொன்றையும் தெலுங்கில் விளக்கினான். எதைக் கேட்டாலும் கடைசியில் "அதே சூஸ்குண்டுந்தன்னா" என்று முடித்தான், அதுவே பார்த்துக்கொள்ளுமாம். பழைய வண்டியைவிட பிக்கப் அதிகம், ஆனால் முறுக்கினால் அது நம்மை ஒரு கணம் எடைபோட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறது. மாமியார் வீட்டில் சாப்பிடுகிற மாதிரி இருந்தது.

வீட்டு வாசலில் பூசை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், விளக்குக்குச் சந்தனம், குங்குமம். திருஷ்டிக்குக் கருப்புக் கயிறு. கயிற்றை முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க் கம்பியில் நானே சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிக் கட்டினேன். பழத்தை நசுக்கித் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினால் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கும் ட்ராக்‌ஷன் விளக்கும் சேர்ந்து எரிகின்றன, அணையவே இல்லை.

"பாத்தியா! ஒரு நாள் தாங்கல! இதைத்தான் மூளைங்கறானுங்க!" என்று குதித்தேன். யாருக்காக வாங்கினேன் என்பதே மறந்துபோனது, நான் சொன்னது சரியாகிவிட்டது என்று அவ்வளவு சந்தோஷம்.

அவள் குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். "இன்னா மாமா, இந்த ஒயரையும் சேத்துக் கட்டி வெச்சிக்கிற?"

ஃபோர்க்கை ஒட்டி இறங்குகிற மெல்லிய ஒயர்தான் சக்கரம் சுற்றுவதை மூளைக்குச் சொல்கிற ஒயர். திருஷ்டிக் கயிற்றோடு அதையும் சேர்த்து இறுக்கியிருந்தேன். ஹேண்டிலைத் திருப்பியதும் இழுபட்டு அதன் முனை கழன்றுவிட்டது. தினமும் சென்சாரோடு குப்பை கொட்டுகிறவன் செய்த வேலை! என் முடிச்சை அவிழ்க்க அவள் உட்கார்ந்தாள். தறியில் அறுந்த நூலைக் கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போடுகிறவள், இடது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாததால், உடம்பையே ஒரு பக்கமாகச் சாய்த்து அவிழ்த்தாள். ஒயரை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன், இரண்டு விளக்கும் அணைந்தன.

"ஏறு. இனிமே வழுக்காது. வழுக்கினா அதுவே பவரைக் கொறைச்சிடும்."

"வண்டிக்கு வெச்சிட்டாங்க, சரி" என்றாள் அவள். "உனக்கு இன்னா வெச்சிக்கிறாங்க?"

ஏறவில்லை.

புது வண்டி வாங்கினால் ஒரு தடவை திருப்பதி மலைக்குக் கொண்டுபோவது எங்கள் வீட்டு வழக்கம். அவள் பஸ்ஸில் ஏறினாள், நான் பைக்கில் ஏறினேன். சாமி பார்த்து, லட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும், "எறங்கும்போது உன்கூட வரேன்" என்றாள்.

எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. "ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் மேல நம்பிக்கை வந்துடுச்சா?"

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? டைம் போட்டு சீட்டு குடுக்கறாங்க இல்ல, அதை நம்பி வரேன்."

மலைப்பாதையில் மேலே கேட்டில் நேரம் குறித்து ஒரு சீட்டு கொடுப்பார்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு முன்னால் கீழே போய்ச் சேர்ந்தால் வேகமாக வந்தாய் என்று அபராதம். எத்தனை குதிரை சக்தி வைத்திருந்தாலும் அந்தத் துண்டுக் காகிதத்துக்கு முன்னால் ஒன்றுதான். நான் அத்தனை செலவு செய்து வாங்கிய மூளையை விட்டுவிட்டு அந்தக் காகிதத்தை நம்பி அவள் ஏறினாள். ஹெல்மெட்டை மாட்டி, சீட்டைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

பாதி மலை வரைக்கும் நான் தங்கக் கம்பி. மழை மோடில் போட்டு, மாட்டு வண்டி மாதிரி இறக்கினேன். தூறல் விழ ஆரம்பித்தது. ஒரு வளைவில் இரண்டு பேர் பைக்கில் வலது பக்கம் சீறிக்கொண்டு போனார்கள். நான் யோசிக்கவே இல்லை. என் மணிக்கட்டுதான் யோசித்தது. முறுக்கினேன்.

பின்சக்கரம் ஒரு விரல் அளவு நழுவியது. உடனே இன்ஜின் மூச்சைப் பிடித்துக்கொண்டது, மீட்டரில் மஞ்சள் விளக்கு படபடவென்று மின்னி அணைந்தது, வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் ஒரு நொடிதான். புத்தூர் ரோட்டில் நான் செய்த அதே வேலையை அப்படியே மறுபடி செய்திருந்தேன். விழாதது என்னால் இல்லை.

"மாமா, அந்த மஞ்சா லைட்டு இன்னாத்துக்கு மின்னிச்சி?"

"ரோட்ல..." என்று ஆரம்பித்தேன். மண் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டேன்.

கீழே கேட்டுக்கு முந்தின வளைவில் கார்களும் பைக்குகளும் ஓரங்கட்டி நின்றன. எப்போதும் அப்படித்தான், வேகமாக இறங்கிவிட்டு, நேரம் ஆகட்டும் என்று அங்கே நின்று வெள்ளரிக்காய் தின்பார்கள். எங்களைத் தாண்டிப் போன அந்த இரண்டு பேரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் சீட்டைப் பார்த்தாள். "இன்னும் ஆறு நிமிசம் கீது" என்று இறங்கினாள். நான் வண்டியைவிட்டு இறங்கவில்லை, ஹேண்டிலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

"ரோட்ல ஒண்ணும் இல்லம்மே. நான்தான் முறுக்கினேன்" என்றேன். "அன்னிக்கும் மண்ணு இல்ல. நான்தான். உன் கையை நான்தான் ஒடைச்சேன்."

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"பின்னால உக்காந்திருந்தது யாரு? உன் தோள்ல கை வெச்சிகினு இருந்தேன். முறுக்கினது எனக்குத் தெரியாதா?"

"அப்ப ரெண்டு வருசமா ஏன்மே ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். கை ஒடைஞ்சது கூட எனக்குப் பெரிசா இல்ல மாமா. ஒடைச்சிட்டு, மண்ணு மண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்ச பாரு. உன் பின்னால எப்படி உக்காருவேன்?"

அவள் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். வெள்ளரிக்காய்க்காரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனாள்.

"சரி, இதை எங்கம்மாகிட்ட சொல்லு. அது இன்னிக்கும் மணல் லாரி போனா மண்ணை வாரித் தூத்திகினு கீது, பாவம் எவனோ ஒருத்தன்" என்று போனை எடுத்து, எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என் கையில் கொடுத்தாள்.

அத்தை எடுத்தது. "இன்னாடா, மலை எறங்கிட்டீங்களா? பத்திரமா கீறீங்களா?"

"அத்தை, அந்த புத்தூர் ரோட்ல..." என்று ஆரம்பித்தேன். செருமிக்கொண்டு, ஒரு வார்த்தை மறைக்காமல் முழுவதையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே, பின்பக்கம் அவள் ஏறி உட்கார்ந்து வண்டி லேசாக அமுங்கியது.